எடை குறையாத டப்பா

“பையைக் கொட்டு!”

கறார் போட்ட சத்தத்தில், லேஸ் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்களும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்கள்.

கறார் என்பது தெரு வைத்த பெயர். மணி, பட்டன், நூல், லேஸ் விற்கிற கடை. கூடையில் வைத்துத் தெருத்தெருவாக விற்று, அடியும் மிதியும் பட்டு, சொந்தக் கடை போட்ட மனுஷன். ஒரு பட்டனைக்கூட யாருக்கும் சும்மா கொடுத்ததில்லை. யாரையும் சும்மா நம்பியதும் இல்லை.

“காது கேக்கலையா? கொட்டுன்னேன்!”

விற்பனைப் பெண் கொட்டினாள். டிபன் டப்பா, குடை, பின்பக்கம் அஞ்சு பையன்கள் படம் ஒட்டிய போன். கடைசியாக ஒரு பொட்டலம். உள்ளே நீலக் கண்ணாடி மணி.

“பார்த்தீங்களா! நான் சொன்னேன்ல!” என்றார் கறார். யாரிடமும் அவர் சொல்லியிருக்கவில்லை.

ஒரு வாரமாகவே அவருக்கு உறுத்தல். சனிக்கிழமைதோறும் மணி டப்பாக்களை எடை போடுவார். எடை இம்மி பிசகவில்லை. ஆனால் போன வாரம் ஒரு வாடிக்கைக்காரி வந்து, “உங்க மணி நூலையே அறுக்குதுங்க!” என்று எகிறினாள். டப்பாவுக்குள் கையை விட்டு அளைந்தார். அவர் மணியின் துளை வழவழவென்று இருக்கும். கைக்கு வந்ததில் பாதி பிசிறு. எதிர்க்கடைச் சரக்கு!

இந்த விற்பனைப் பெண்தான் நல்லதை உருவிக்கொண்டு, அதே எடைக்கு மட்டமானதைப் போட்டு நிரப்புகிறாள். என்ன மூளை!

எப்போது செய்கிறாள் என்பதுதான் பிடிபடவில்லை. உள்ளறையில் அவர் சாப்பிடுகிற அரைமணி நேரம்தான் இடைவெளி. அப்போதும் கல்லாவில் அவர் மனைவி உட்கார்ந்திருப்பாள். இருபத்திரண்டு வருஷமாகச் சாப்பாடு கொண்டுவந்து, அவர் சாப்பிட்டு எழும்வரை கடையைப் பார்த்துக்கொள்கிறவள். மனைவி கண்ணிலேயே மண்ணைத் தூவுகிறாள் என்றால் இந்தப் பெண் எவ்வளவு பெரிய கைகாரியாக இருக்க வேண்டும்!

“கையில என்ன?”

பெண் சட்டென்று மணிக்கட்டைப் பொத்தினாள்.

“எடு கையை!”

நீல மணி பிரேஸ்லெட். நடுவில் எழுத்து மணிகளில், போனில் இருக்கிற அந்த அஞ்சு பேர் பாட்டுக் குழுவின் பெயர். அடுத்த வாரம் ஊருக்கு வருகிறார்களாம். ரசிகர்கள் எல்லாரும் இதைக் கோத்துக் கொண்டுபோய், அரங்க வாசலில் முன்பின் தெரியாதவர்களோடு மாற்றிக்கொள்வார்களாம். விற்கக் கூடாதாம். முன்பு பெண் இதைச் சொன்னபோதே கறாருக்குப் பொறுக்கவில்லை.

விரலால் ஒரு மணியை உருட்டினார். வழவழ.

“இது என் மணி. ஏது?”

“ஒருத்தங்க குடுத்தாங்க சார்.”

“யாரு?”

பெண் பிரேஸ்லெட்டை மறுபடி பொத்திக்கொண்டாள்.

“ஓ, பேர் இல்லாத ஆளா?” வாசலுக்குப் போய் எதிர்ப்பக்கம் பார்த்துக் கத்தினார். “யோவ்! வாய்யா இங்க!”

எதிர்க்கடைக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார்.

“இவ என் மணியை உருவிட்டு, உன் மணியைப் போட்டு டப்பாவை நிரப்புறா. உன் கடைக்கு வந்தாளா?”

“வாராவாரம் வருதே. கேட்ட காசைக் குடுத்து நீல மணி வாங்கிட்டுப் போகும். பாவம், பேரமே பேசத் தெரியாது.”

“அப்ப நீயும் கூட்டு!”

“உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? திருடறவ எதுக்குய்யா சொந்தக் காசுல மணி வாங்கி உன் டப்பாவை நிரப்புறா?”

பதில் தெரியாதபோது கறாரின் குரல் இன்னும் ஏறும்.

“போலீஸ்ல கேட்டா தானா வரும் பதில்! எந்தக் கடையிலயும் உனக்கு வேலை கிடைக்காம பண்றேன் பாரு!”

பெண் டிபன் டப்பாவையும் குடையையும் பைக்குள் அள்ளிப் போட்டாள். “போலீஸ் வேணாம் சார். நான்தான் எடுத்தேன். இப்பவே வேலையை விட்டு நின்னுக்கறேன்.”

“ஏய், நீ எதையடி எடுத்தே?”

எதிர்க்கடைக்காரர் பின்னாலேயே வந்து வாசலில் நின்றிருந்த கறாரின் மனைவி, கையில் சாப்பாட்டு அடுக்கோடு.

“நீ வராதே இதுக்குள்ள. உன்னை ஏமாத்தியேதான் எடுத்திருக்கா.”

“வேணாம்க்கா,” என்று பெண் தலையை ஆட்டினாள்.

மனைவி அடுக்கை மேஜைமேல் வைத்தாள். முழுக்கை ரவிக்கையின் கைப் பட்டனைக் கழற்றி, முழங்கைவரை சுருட்டினாள்.

மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை நீல மணி. வரிசை வரிசையாக அதே பெயர்.

எதிர்க்கடைக்காரர் மெல்ல இரண்டடி பின்வாங்கினார்.

“நீயா?” கறார் மனைவியின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். “இந்த வயசுல... அந்தப் பொடிப்பசங்க பாட்டா?”

“ஏன், எனக்குக் காது இல்லையா? இவதான் ஒருநாள் போன்ல போட்டுக் காட்டினா. வாசல்ல மாத்திக்க நாப்பதாவது வேணுமாம். முதல்ல கோத்தது இவளுக்குத்தான் குடுத்தேன்.” பெண்ணின் பக்கம் திரும்பினாள். “டப்பாவை நீ நிரப்பினியா? எனக்குத் தெரியவே தெரியாதேடி.”

“சனிக்கிழமை சார் எடை போடுவாரேக்கா.”

கறார் பிரிந்து கிடந்த பொட்டலத்தைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். குரல் எங்கோ அடியில் போயிருந்தது.

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா, ரெண்டு பிடி மணி குடுத்திருக்க மாட்டேனா?”

“கேட்டேனே,” என்றாள் மனைவி. “‘எதிர்க்கடையில விலை விசாரிச்சுட்டு வா, அதைவிடக் கொஞ்சம் கொறைச்சுப் போட்டுத் தரேன்’னீங்க.”