தணிகாசலத்தின் குரல்

கோவையில் பல மருத்துவமனைகளை நடத்தும் நிறுவனத்தில் வரவேற்பாளராகச் சேர்ந்து, நிர்வாக இயக்குநரானவர் தணிகாசலம். அவருக்கு இதமான குரல். நோயாளி இறந்தால் குடும்பத்துக்குப் போனில் சொல்லும் இயந்திரத்துக்கு அந்தக் குரலையே கொடுத்திருந்தார். போன வருடம் அவருடைய மனைவி கோமளாவுக்கு அவள் அப்பா இறந்ததைச் சொன்னதும் அந்த இயந்திரம்தான்.

இன்று அவர்களுடைய மகளுக்குக் குடல்வால் வெடித்து அவசர அறுவை சிகிச்சை. வெளியூர் போயிருந்த கோமளா ரயிலில் வந்துகொண்டிருந்தாள். சிகிச்சை முடிந்ததும் தணிகாசலம் அவளை அழைத்தார்.

"கோமளா, நான்தான் பேசறேன்..."

"வேண்டாங்க! சொல்லாதீங்க!" என்று அலறி, போனை வைத்துவிட்டாள். நான்காவது முறை அழைத்தபோதுதான் மீண்டும் எடுத்தாள்.

"பாப்பா நல்லாருக்கா, கோமளா."

"அந்த மெஷினும் மொதல்ல இப்படித்தான் இதமாப் பேசுச்சு. அவளைப் பேசச் சொல்லுங்க."

"மயக்கம் இன்னும் தெளியலம்மா."

"பாத்தீங்களா! பாத்தீங்களா!"

முதலில் ஆறுதல், பிறகுதான் செய்தி என்று இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். மகளின் மூக்கருகே போனைக் கொண்டுபோனார். மூக்கடைத்தாற்போன்ற அவளுடைய வழக்கமான சின்னக் குறட்டை கேட்டது.

கோமளா அழுதுகொண்டே சொன்னாள்: "போனை அங்கேயே வச்சிருங்க. நீங்க பேச வேண்டாம்."