எட்டாவது காப்பி

"வந்தது ஏழு பேரு. எட்டு காப்பி யாருக்குடி கொண்டுபோன?" என்று செல்வலட்சுமி கத்தியது ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெருவின் பாதி வீடுகளுக்குக் கேட்டது. மீதி வீடுகளுக்கு நான் சொன்னேன்.

மகள் சிவரஞ்சனியைப் பெண் பார்க்க வந்தவர்கள் அப்போதுதான் முகம் சுளித்துக்கொண்டு போயிருந்தார்கள். நல்ல காரியத்துக்கு ஒற்றைப்படையில் வந்த எங்களை எட்டாக்கிவிட்டீர்களே என்று கோபம். இப்படித் தட்டிப்போவது இது இரண்டாவது சம்பந்தம்.

"குனிஞ்ச தல நிமிரக்கூடாதுன்னு நீதான சொன்ன? காலப் பாத்துத்தான் எண்ணுனேன். பதினாறு காலு இருந்துச்சு. ரெண்டுல பூட்ஸ்."

"வீட்டுக்குள்ள எவன்டி பூட்ஸோட வருவான்?"

சிவரஞ்சனி கையைக் காட்டினாள். எட்டாவது டம்ளர் சுவரோரம் காலியாக இருந்தது. அதற்கு மேலே வெள்ளைக்கார ராணுவ அதிகாரியின் ஓவியம். நூற்றைம்பது வருஷப் பழசு. சிவரஞ்சனியின் அப்பா சமுத்திரம், இடிக்கப்பட்ட பங்களா ஒன்றிலிருந்து பெருமைக்கு வாங்கி வந்தது. சிவப்புக் கோட்டும் மீசையுமாக இடுப்பு வரைக்கும்தான் துரை இருக்கிறார். காலில் என்ன போட்டிருந்தார் என்று யார் கண்டது?

மூன்றாவது சம்பந்தம் வருமுன் படத்தைச் சாக்கில் சுற்றி மச்சில் போட்டார்கள். ஐந்து பேர் வந்தார்கள். ஐந்து காப்பிதான் போனது.

ஆவணியில் சிவரஞ்சனி ராஜபாளையம் விக்னேஷ்வரனுக்கு வாக்கப்பட்டுப் போனாள். படம் இங்கே மச்சில்தான் இருக்கிறது. நானே ஏறிப் பார்த்தேன்.

மாமியார் தங்கமானவராம். வீட்டுக்குள் டக் டக்கென்று செருப்போடு நடக்காதே என்று மட்டும் தினமும் திட்டுகிறாராம். சிவரஞ்சனியின் செருப்பு வாசலில்தான் கிடக்கிறதாம்.