தமிழர் போகாத இடம்

“நெட்டி முறிக்கிற கைரோபிராக்டர் எனக்குப் பயம், அம்மா. வெள்ளவத்தையிலேயே நல்ல பிசியோதெரபிஸ்ட் இருக்கிறார்தானே,” என்றாள் யதுஷா.

“அதுதான் வேண்டாம் எண்டுறன். கலியாணம் பேசி முடியிற நேரம். உனக்கு முதுகுவலி எண்டு அங்க எங்கட சனத்தில ஒராள் கண்டாலே எல்லாம் குழம்பிப்போகும்.”

நாகேஸ்வரி மகளை நுகேகொடைக்குக் கூட்டிச் சென்றாள். தமிழர் எட்டிப் பார்க்காத கைரோபிராக்டர் நிலையம்.

உள்ளே, இடுப்பில் பட்டி கட்டி, தாயின் தோளைப் பிடித்தபடி நின்றான் பிரியந்தன். பேசியிருந்த மாப்பிள்ளை.

நாகேஸ்வரிக்கு நெஞ்சு ஆறியது. இனி இரண்டு பக்கமும் ஒளிக்க ஒன்றுமில்லை.

பின்னேரம் மாப்பிள்ளையின் தாய் போன் எடுத்தாள்.

“குறை நினைக்காதேங்கோ, இது சரிவராது. என்ர பிள்ளைக்குக் குனிய நிமிர ஏலாது. அவனைத் தூக்கி நிமிர்த்த முதுகு நல்லா இருக்கிற பொம்பிளையெல்லோ வேணும்.”