நோய் புறப்பட்ட வீடு

ஆலகாலத்தை உண்டும், அது பிறரைத் தீண்டாதவாறு தன் கண்டத்திலேயே தடுத்துக்கொண்ட பெருமான் துணை நிற்க.

தம்பி வள்ளிநாயகத்துக்கும் அவன் மனைவி அழகியநாயகிக்கும் எச்.ஐ.வி. என்ற செய்தி உறவுக்குள் கசிந்ததும் செல்லக்கனி கொதித்துப்போனாள். தம்பி கோயில் கமிட்டித் தலைவன். ஒரு வருடமும் சிவராத்திரிக்குப் பன்னிரண்டு கோயில்களுக்கு ஓடும் சிவாலய ஓட்டம் தவறாதவன். அப்படிப்பட்டவனுக்கு இது எங்கிருந்து வரும்?

துருவிக் கேட்டபோது தம்பியே சொன்னான். இரணியலில் பிரிஜா என்று ஒருத்தி; ஒரு வருடமாகப் போக்குவரத்து; அவள்தான் தந்தாள். அந்தப் பெயரை அழகியநாயகி அப்போதுதான் முதன்முறையாகக் கேட்டாள்.

மறுநாள் காலையில் செல்லக்கனி இரணியலுக்கு வேன் பிடித்தாள். சொந்தக்காரப் பெண்கள் ஏறிக்கொண்டார்கள். தம்பியோ, தலைவலி என்று நெற்றி நிறையத் திருநீற்றோடு படுத்துவிட்டான்.

"ஏட்டி, ஊமை மாதிரி இருக்காத. அவ மூஞ்சியில நீதான் மொதல்ல துப்பணும்," என்று தம்பி மனைவியையும் வேனில் ஏற்றினாள் செல்லக்கனி.

"வாரேன் மைனி," என்று மட்டும் சொன்னாள் அழகியநாயகி.

கதவைத் திறந்த பிரிஜாவுக்கு நான்கு மாத வயிறு. தாலியில்லாத வயிற்றைக் காட்ட வெட்கப்பட்டு அவள் இன்னும் ஆஸ்பத்திரிப் படியே ஏறவில்லை என்று, யாரும் கேட்காமலே பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். செல்லக்கனி தெருவுக்கே கேட்கும்படி அவள் நடத்தையை அலசினாள். நோயின் பெயரையும் சொன்னாள்.

பிரிஜா கதவைப் பிடித்துக்கொண்டாள். "அவருக்கு அந்த நோய் இருக்கா? எனக்கு அவரல்லாம வேற ஆருமில்ல."

"நடிப்பப் பாத்தியா? ஏட்டி, போய்த் துப்பு."

அழகியநாயகி படியேறினாள். பிரிஜா கண்களை மூடிக்கொண்டாள்.

"சேலைய மாத்திட்டு வா, மக்கா. ஆஸ்பத்திரிக்குப் போவோம். ஒனக்கு வந்திருந்தாலும், இப்பமே மாத்திரை தொடங்கினா பிள்ளையக் காப்பாத்திரலாம்."

அழகியநாயகி செல்லக்கனி பக்கம் திரும்பினாள்.

"எங்களுக்கு இது நாலு வருசமா இருக்கு, மைனி. திருவனந்தபுரத்துல ஒருத்திகிட்டயிருந்து எனக்குக் கொண்டு வந்தாரு. நான் இருக்கையில, மாத்திரையும் ஒழுங்காத் தின்னாம, இவகிட்ட வந்திருக்காரு. துப்பணும்னா வீட்டுக்குப் போங்க, அங்க படுத்திருக்காரு. பஸ்ஸுல போங்க, வேன் எங்களுக்கு வேணும்."

இதைக் கேட்போர் மனைகளில் மறைத்து வைத்த நஞ்சு எதுவும் தங்காதிருப்பதாக. கருவிலிருக்கும் பிள்ளைகளெல்லாம் நலமுடன் பிறப்பதாக.