பாதியில் நின்ற வாக்கியம்

“ஏட்டி யோகேஸ்வரி, பாதியில ஏன் நிறுத்துத? நாயைக் கட்டியிருக்க வேண்டியது யாரு? அந்தப் பேரையும் சேத்துச் சொல்லு!”

ராஜபாளையத்தில், வேலைக்குப் போகிறவர்களுக்கான ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு. ஹெப்சிபா மிஸ் டஸ்டரும் கையுமாக நின்றார். கடைசி பெஞ்சில் கௌதம்ராஜ் நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தான்.

சேத்தூர்க்காரன் அவன். நேற்று வகுப்பு முடிந்ததும் எதிர்த்திசையில் ஸ்ரீவில்லிபுத்தூர் வரை யோகேஸ்வரி கூடவே பஸ்ஸில் போய், பஸ் ஸ்டாண்டில் கேட்டேவிட்டான்.

“என்னையக் கட்டிக்கிடுதியா?”

“நாளைக்குக் கிளாஸ்ல சொல்லுதேன்” என்று மம்சாபுரம் பஸ்ஸில் ஏறிவிட்டாள் யோகேஸ்வரி.

இன்றைக்குத் தேய்த்த சட்டையோடு முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருந்தான். அவளோ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மிஸ் எப்போதும் வகுப்பில் இருப்பவர்கள் பெயரிலேயே வாக்கியம் சொல்வார். அதைப் பாஸிவ் வாய்ஸில் திருப்பிப் போட வேண்டும்.

“விஜயபாண்டி மஸ்ட் ஹேவ் ஈட்டன் த பால்கோவா” என்றதும், “த பால்கோவா மஸ்ட் ஹேவ் பீன் ஈட்டன் பை விஜயபாண்டி!” என்று யோகேஸ்வரி படபடவென்று பொரிந்தாள். வகுப்பே கைதட்டியது. விஜயபாண்டி அவசரமாக வாயைத் துடைத்துக்கொண்டான்.

அடுத்ததில்தான் வம்பு.

“கௌதம்ராஜ் ஷுட் ஹேவ் டைடு த டாக்.”

“த டாக் ஷுட் ஹேவ் பீன் டைடு பை...” அதோடு நின்றவள்தான். அதற்குத்தான் மிஸ் போட்ட அந்த அதட்டல்.

“சரி, ஆக்டிவ்லயே சொல்லு.”

“ஹீ ஷுட் ஹேவ் டைடு...”

“ஹீ வேண்டாம்ட்டி, பேரு!”

“அந்தப் பேரு மட்டும் என் வாயில வராது மிஸ். நாயையும் விஜயபாண்டியே கட்டட்டும்.”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. கௌதம்ராஜுக்கு முகம் செத்துவிட்டது. பேரைச் சொல்லக்கூடப் பிடிக்கவில்லை என்றால் வேறென்ன பதில் வேண்டும்? பஸ் ஸ்டாண்டில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். பையைத் தோளில் மாட்டினான்.

“நான் போறேன் மிஸ்.”

“ஒக்காருலே!” என்ற மிஸ் அவளிடம் திரும்பினார். “நேத்து வரைக்கும் கௌதம்ராஜ், கௌதம்ராஜ்னு ஏலம் போட்டவதான நீ? இன்னைக்கு மட்டும் என்னட்டி வந்துச்சு?”

யோகேஸ்வரி முதல்முறையாகக் கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள். சட்டென்று துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள்.

“எங்கம்மாவும் எங்கப்பா பேர இன்னைவரைக்கும் சொன்னதில்ல மிஸ்.”