மூன்றாம் முறை உரிந்த பானெட்

"உன் கேரண்டியைக் கொண்டுபோய்க் குப்பையில போடு! ஒரே வருஷத்துல மூணாவது தடவை. பாம்புகூட இத்தனை தடவை சட்டை உரிக்காது."

பெயிண்ட் கடை வாசலில் நின்று பெரியவர் கத்தினார். அவருடைய நீலக் காரின் பானெட்டில், நிறத்துக்கு மேலே பளபளப்புக்காக அடிக்கும் கிளியர் கோட் வெள்ளை வெள்ளையாகப் பொருக்கு விட்டிருந்தது.

"மன்னிச்சுக்குங்க சார். இன்னைக்கே சரி பண்ணிடறேன்" என்றான் பெயிண்டர்.

மாமனாரை அவன் சார் என்றுதான் கூப்பிடுவான். மாமா என்று கூப்பிடுகிற அளவுக்கு இன்னும் அவர் இறங்கி வரவில்லை.

உள்ளே, கலர் கலக்கும் அறையின் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அவருடைய மகள் நின்றிருந்தாள். சொல் பேச்சு கேட்காமல் இவனைக் கட்டிக்கொண்டதிலிருந்து, நான்கு வருடமாக அப்பா அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"சாயங்காலம் வந்து எடுத்துக்கலாம் சார்."

"எதுக்கு? நான் அந்தப் பக்கம் போனதும் நீ இந்தப் பக்கம் பூசி மெழுகவா? இங்கேயே உட்காந்திருக்கேன்."

கண்ணாடித் தடுப்புக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாளை விரித்துக்கொண்டார்.

அவள் கடையின் பின்பக்கம் போனாள். கணவன் உரிந்ததை மட்டும் சுரண்டி எடுத்துவிட்டு, நேராக ஸ்ப்ரே கன்னைக் கையில் எடுத்திருந்தான்.

"என்ன பண்றீங்க? உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலையா?"

அவன் கன்னில் கிளியரை ஊற்றினான்.

"வழவழன்னு இருக்கறது மேல அடிச்சா எப்படிப் பிடிக்கும்? மத்த வண்டியெல்லாம் கை வலிக்கத் தேய்ப்பீங்களே. எங்கப்பா வண்டின்னா இளக்காரமா? போயும் போயும் இப்படி ஒருத்தனைப் பிடிச்சாளேன்னு அவர் வாயால கேக்கணுமா நான்?"

அவன் கன்னைக் கீழே வைத்தான்.

"ஒழுங்கா அடிச்சா பத்து வருஷம் உரியாது."

"அதைத்தானே நானும் சொல்றேன்?"

"பத்து வருஷமும் அவர் இங்க எதுக்கு வருவார்?"

அவள் அப்பா உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"அவர் வண்டி வந்து நின்னா, அந்தக் கண்ணாடித் தடுப்பை நாலு தடவை துடைக்கறே. அதைப் பாத்துட்டு எனக்கு எப்படித் தேய்க்க மனசு வரும்? திட்டு வாங்கறது நான்தானே. வாங்கிக்கறேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, உப்புத்தாளை எடுத்துத் தண்ணீரில் நனைத்தாள்.

"வேண்டாங்க. அவரை ஏமாத்தி வரவழைக்க வேண்டாம்."

விளிம்பு எது, நடு எது என்று விரலுக்குத் தெரியாத வரைக்கும் அவளே தேய்த்தாள். அவன் நீலத்தை ஒரு கை அடித்து, காய்ந்ததும் கிளியரை இரண்டு கை அடித்தான். சாயங்காலம் பானெட்டில் முகம் பார்த்துத் தலை சீவலாம் போல இருந்தது.

இதுதான் கடைசி என்று அவளுக்குத் தெரியும். அதனால் சாவியை அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"நானே தேய்ச்சேன்பா. இனிமே உரியாது. பத்து வருஷத்துக்குக் கவலையில்லை."

அப்பா பானெட்டின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தாள். அவர் முகம் வாடிவிட்டது.

"பத்து வருஷமா?"

நான்கு வருடத்துக்குப் பிறகு அவளிடம் அவர் பேசியது அது.

கதவைத் திறந்தார். ஏறாமல் மறுபடியும் சாத்தினார். வண்டியை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு மேலே கையைக் காட்டினார்.

"ஏம்மா... இந்த டாப் உரியற மாதிரித் தெரியலை உனக்கு?"

அவள் எட்டிப் பார்த்தாள். டாப்பில் ஒரு கீறல்கூட இல்லை. நல்லா இருக்கிற வண்டியைக் கெட்டுப்போச்சு என்று இதுவரை அவள் எந்த வாடிக்கையாளரிடமும் சொன்னதில்லை.

"ஆமாம்பா. ரொம்ப மோசமா இருக்கு. அடுத்த வாரமே கொண்டு வந்துடுங்க."