மடங்காத சுண்டுவிரல்

எங்கள் மெட்டல் குழுவின் நான்காவது ஆல்பத்தில் அமெரிக்க நாட்டுப்புறப் பாணியான கன்ட்ரி இசையின் சாயல் இருக்கிறதா என்று ரசிகர்கள் அடித்துக்கொண்டார்கள். எல்லாம் செல்வினின் கிட்டாரால் வந்தது. முன்பு ரம்பம்போல அறுத்த கிட்டார் இப்போது இழுத்து இழுத்து ஏங்கியது. இடது சுண்டுவிரலில் ஒரு ஸ்டீல் குழாயை மாட்டி, அதைக் கம்பிகள்மேல் வழுக்கவிட்டு வாசிக்கிறான். “கன்ட்ரியாவது மண்ணாவது! பைக்லேர்ந்து விழுந்ததுல இந்த விரல் மடங்கறதில்ல. வேற எப்படி வாசிக்கிறது?” என்று குச்சிபோல நீட்டியிருக்கும் விரலைக் காட்டுவான். கேட்டவர்கள் சங்கடப்பட்டு வாயை மூடிக்கொள்வார்கள். டிரம்ஸ் வாசிக்கிற நானும் அப்படித்தான். ஒருநாள் மத்தியானம் ஒத்திகைக்குச் சீக்கிரமாகப் போய்விட்டேன். செல்வின் காதில் இயர்போனோடு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான். குழாய் ஆம்ப்ளிஃபயர்மேல் கிடந்தது. அவனுடைய இடது கை மட்டும், சின்ன வயதில் பாட்டு வகுப்பில் பழகியபடி, தாளம் போட்டுக்கொண்டிருந்தது. தொடையில் ஒரு தட்டு, கட்டைவிரலைத் தொட மடங்கும் சுண்டுவிரல், அப்புறம் மோதிரவிரல். மறுபடியும் தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல். எங்கள் பாட்டு எதுவும் இப்படி மூன்று மூன்று எண்ணிக்கையில் போகாது; கன்ட்ரி பாட்டுகளில்தான் அது நிறைய வரும். “என்னடா கேக்கற?” என்றேன். கண்ணைத் திறந்தான். விரல் சட்டென்று விறைத்து நீண்டது. நான் அதைப் பார்ப்பதை அவனும் பார்த்தான். பிறகு ஒரு காதிலிருந்து இயர்போனைக் கழற்றி என் பக்கம் நீட்டினான். “கதவச் சாத்திட்டு வா” என்றான்.